ராகலையில் எலிக்குக் கம்பளி வாங்கிய கதை

எலிப் பொறிகள் இருக்க வேண்டிய சாக்கில் நெத்திலிக் கருவாடு இருந்தது. நுவரெலியா பஸ் நிலையத்தில், குளிரில் விரல் விறைத்துப்போய், நாற்றம் தாங்காமல் முடிச்சை அவிழ்த்துப் பார்த்தபோதுதான் விஷயம் தெரிந்தது. என் சாக்கைப் போலவே வெள்ளைச் சாக்கு, என் கயிற்றைப் போலவே நீலக் கயிறு. விமான நிலையத்தில் ஒவ்வொரு பொறியாக வெளியே எடுத்து, இது எலியைப் பிடிக்கும், கொல்லாது, நான் எலி வியாபாரியும் இல்லை என்று தொண்டை வறளச் சொல்லி மீட்டுக்கொண்டு வந்த பொறிகள். அவற்றைக் கருவாடு என்று நம்பி யாரோ தூக்கிக்கொண்டு போயிருக்கிறார்.

கண்டக்டர் சாக்கைத் திருப்பிப் பார்த்துச் சிங்களத்தில் ஏதோ சொல்லிச் சிரித்தார். பக்கத்தில் நின்ற பெண் எனக்காகத் தமிழில் சொன்னார். சாக்கில் ராகலைக் கடை ஒன்றின் அடையாளம் இருக்கிறதாம், கடை ஆள் முந்தைய பஸ்ஸில்தான் போனாராம், அங்கே போய் மாற்றிக்கொள்ள வேண்டுமாம். நான் போக வேண்டியதும் ராகலைக்குத்தான். கோபப்படுவதற்கு வழியில்லாமல் போய்விட்டது.

நான் திருச்சியில் ஒரு கல்லூரியில் விலங்கியல் சொல்லிக்கொடுக்கிறேன். வயல் எலிகள்தான் என் பிழைப்பு. ராகலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் பிறந்த மலர்விழி திருச்சிக்குப் படிக்க வந்தபோது விடுதியில் என் அறைத்தோழி. இப்போது அதே தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படிப்பிக்கிறாள். அவளுடைய அண்ணன் செல்வத்துக்கு எலிக்காய்ச்சல் வந்து, சிறுநீரகம் வரை போய், ஆள் மயிரிழையில் பிழைத்து இன்னும் ஆஸ்பத்திரியில் இருந்தார். அவர்கள் குடியிருக்கும் லயத்துக்கு, அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளுக்கு, மேலே ஓடையை ஒட்டி ஒரு துண்டுக் காடு உண்டு. எலி அங்கிருந்துதான் இறங்கி வருகிறது, காட்டை வெட்டிவிட வேண்டும் என்று லயத்து ஆட்களே முடிவு கட்டிவிட்டார்கள். வருகிற போயா விடுமுறையில், அதாவது பௌர்ணமியன்று, எல்லோரும் சேர்ந்து சிரமதானமாக வெட்டுவதாக ஏற்பாடு. தொரை, அதாவது தோட்டத்து மேனேஜர், சந்தோஷமாகச் சம்மதித்துவிட்டாராம்.

லயத்துக் குழாயில் வருவதும் பெண்கள் குடத்தில் எடுத்து வருவதும் அந்தக் காட்டுக்குள் இருக்கும் ஊற்றின் தண்ணீர். காடு போனால் ஊற்றும் போகும் என்று மலர் சொன்னதை யாரும் காதில் வாங்கவில்லை. வெட்டச் சொல்லி முன்னால் நிற்பது செல்வத்தின் மனைவி பார்வதி, மலரின் சொந்த அண்ணி. சாவின் வாசல் வரை போய்வந்தவரின் மனைவி பேசும்போது ஊற்றைப் பற்றிப் பேச யாருக்கு வாய் வரும்?

"எலி காட்டுலேருந்து வருதா இல்லையான்னு நீயே வந்து பாத்துச் சொல்லு. வருதுன்னா நானும் கத்தி எடுத்துக்கிட்டு அவங்களோட போறேன்" என்று மலர் போனில் சொன்னாள். அப்படிக் கேட்பவளிடம் லீவு இல்லை என்று எப்படிச் சொல்வது?

ராகலை பஸ்ஸில் கருவாட்டுச் சாக்கை மடியில் வைத்துக்கொண்டு போனேன். அதனால் ஒரு நன்மை, என் பக்கத்து இருக்கை நெடுநேரம் காலியாகவே வந்தது. ஜன்னலுக்கு வெளியே லீக்ஸ் பாத்திகளும் கரட் பாத்திகளும் படிப்படியாக இறங்கின. கடைசியில் ஓர் அம்மாள் மூக்கைச் சேலையால் மூடிக்கொண்டு உட்கார்ந்து, "எந்த ஊருங்க நீங்க?" என்று ஆரம்பித்தார். திருச்சி என்றதும் சேலை முகத்திலிருந்து இறங்கிவிட்டது. அவருடைய பேச்சு எங்கள் முசிறிப் பக்கத்துப் பேச்சாகவே காதில் விழுந்தது. ஆனால் நடுவில் ஒரு சிங்களச் சொல் வந்து விழும், நான் முழிப்பேன், அவர் சிரிப்பார். இறங்கும்போது, அந்தக் கருவாடு நல்ல கருவாடு, கொடுத்துவிடாதீர்கள் என்று புத்தி சொல்லிவிட்டுப் போனார்.

கடைக்காரர் முஸ்லிம் பெரியவர். எல்லோரும் அவரை நானா என்றுதான் கூப்பிடுகிறார்கள், அண்ணன் என்று அர்த்தம். நான் போனில் சொல்லியிருந்ததால் மலர் எனக்கு முன்பே அங்கே வந்து நின்றாள். இருவரின் முகத்தையும் பார்த்த உடனே ஏதோ நடந்திருக்கிறது என்று புரிந்துவிட்டது. தவறான சாக்கு வந்திருப்பதைப் பார்த்த நானா, பொருளைத் தொலைத்த யாரோ தவிப்பார்களே என்று பதறி, என் சாக்கை அடுத்த பஸ்ஸிலேயே நுவரெலியாவுக்குத் திருப்பி அனுப்பிவிட்டார். வழியில் எங்கோ என் பொறிகளும் நானும் எதிரும் புதிருமாகக் கடந்து போயிருக்கிறோம்.

"நல்லது செய்யத்தான் பாத்தேன் தங்கச்சி" என்றார் நானா. அவரைத் திட்டவும் முடியவில்லை. போன் செய்து கேட்டதில், நுவரெலியாவில் யாரும் இறக்கிக்கொள்ளாமல் சாக்கு கண்டிக்குப் போய்க்கொண்டிருந்தது. அது எப்போது திரும்பி வரும் என்பது அந்த பஸ்காரருக்கே தெரியாது.

எரிச்சலோடு நிமிர்ந்தபோது நானாவின் தலைக்குப் பின்னால் கம்பளி நூல் உருண்டைகள் அடுக்கியிருந்தன. குளிர் ஊர் அல்லவா, பின்னுவதற்கு வாங்குகிறார்கள். பொறி இல்லாத காலத்தில் எங்களிடம் இருந்த ஒரு பழைய உபாயம் நினைவுக்கு வந்தது. நூலைப் பொடிப்பொடியாக நறுக்கி இரையில் பிசைந்து வைத்தால் எலி தின்றுவிடும். நூல் செரிக்காது. இடத்துக்கு ஒரு நிறமாக வைத்துவிட்டு, மறுநாள் வீட்டுக்குள் கிடக்கும் புழுக்கையைக் குச்சியால் உடைத்துப் பார்த்தால் எலி எங்கே சாப்பிட்டுவிட்டு வந்தது என்று தெரிந்துவிடும். பச்சை, மஞ்சள், சிவப்பு என்று மூன்று உருண்டை கேட்டேன். பிள்ளைக்குத் தொப்பி பின்னவா என்று விசாரித்தார் நானா. எலிக்கு என்றேன். அவர் மலரைப் பார்த்தார், மலர் தலையாட்டினாள். உருண்டைகளோடு ஒரு பொட்டலம் நெத்திலியும் வைத்துக் கொடுத்தார்.

அந்த நெத்திலியைப் பார்வதி வெங்காயமும் மிளகாயும் போட்டு வதக்கினார். சுடச்சுடச் சோறு, லீக்ஸ் போட்ட பருப்பு, உருளைக்கிழங்குக் கறி. வெட்கமில்லாமல் மூன்றாம் முறையும் போட்டுக்கொண்டேன். பார்வதி ஒல்லியான பெண், பேச்சு குறைவு. பந்தி முடிந்து தேத்தண்ணி கொடுத்த பிறகுதான் விஷயத்துக்கு வந்தார்.

"நீங்க மலருக்காக வந்திருக்கீங்க டீச்சர், நான் ஒண்ணும் நெனைக்கல. ஆனா வர்ற சனிக்கிழம அவரு இந்த வீட்டுக்குத்தான் வரப்போறாரு. மறுபடியும் ஒருக்கா அப்படி வந்தா நான் தாங்க மாட்டேன். காடு வேணுமா அவரு வேணுமான்னா எனக்கு அவருதான் வேணும்."

என்னைக் கேட்டிருந்தால் நானும் அதைத்தான் சொல்லியிருப்பேன். தூங்கப் போனபோது, எலி காட்டிலிருந்து வந்தால் அதை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

மறுநாள் மலர் பள்ளிக்கூடம் போய்விட, நான் தனியாக ஊரை அளந்தேன். எலியைத் தேடுகிறவர்கள் எலியைப் பார்க்கக் கூடாது, எலிக்கு என்ன கிடைக்கிறது என்று பார்க்க வேண்டும். ஒளிய இடம், தின்னத் தீனி, இரண்டுதான் அதன் கணக்கு. இரண்டும் ஓரிடத்தில் இருந்தால் குட்டி போட்டுப் பெருகும். ஒன்று குறைந்தால் பிழைக்கும், பெருகாது. எங்கள் காவிரிப் பக்கம் அறுவடை முடிந்து வயல் மொட்டையானதும் எலிகள் வரப்புக்கும், வீட்டுக்குப் பின்னாலிருக்கும் வைக்கோல் போருக்கும் குடிவந்துவிடும்.

காட்டில் ஒளிய இடம் ஏராளம், தீனிதான் சிதறிக் கிடந்தது. இங்கே ஒரு விதை, அங்கே ஒரு பூச்சி. ஆந்தையும் பாம்பும் காட்டுப்பூனையும் பங்குக்கு நிற்கும் இடம். அங்கே எலி வாழும், கூட்டம் கூட்டமாக வாழாது. அட்டைகள்தான் கூட்டமாக என் காலில் ஏறின.

காட்டுக்கும் லயத்துக்கும் நடுவில் தேயிலை மலை. அதைச் சமீபத்தில் கவ்வாத்து வெட்டியிருந்தார்கள். சில வருடத்துக்கு ஒருமுறை செடிகளை முழங்கால் உயரத்துக்கு வெட்டிவிடுவதுதான் கவ்வாத்து. பச்சைக் கூரையாக இருந்த மலை ஒரே நாளில் குச்சிக் காடாகிவிடுகிறது. மேலே பருந்து வட்டமடித்தது. அந்தக் கூரைக்குக் கீழே குடியிருந்த எலிகள் எங்கே போயிருக்கும் என்று யோசித்தபடியே லயத்தின் பின்பக்கம் இறங்கினேன், அப்படியே நின்றுவிட்டேன்.

ஒவ்வொரு அடுப்படிச் சுவரிலும் சாய்த்து, கூரை வரை, வெட்டிய தேயிலைக் குச்சிகளை அடுக்கியிருந்தார்கள். மிலாறு என்கிறார்கள். அருமையான விறகு, கவ்வாத்துக் காலத்தில் கட்டுக்கட்டாகத் தலையில் சுமந்து வந்து ஒரு வருடத்துக்குச் சேர்த்துவைப்பது இங்கே வழக்கம். மிலாறு அடுக்குக்குக் கீழேயே கான் ஓடுகிறது, அதாவது சாக்கடை. அதில் அரிசி கழுவிய தண்ணீர், பருக்கை, கோழித் தீனி. சுவருக்கு அந்தப் பக்கம் கட்டிலுக்கு அடியில் உருளைக்கிழங்கு. எங்கள் ஊர் வைக்கோல் போர் இங்கே குச்சியாக நிற்கிறது. செல்வம் தோட்டத்தில் கான் வெட்டுகிறவர். லயத்துக் கானையும் வெறுங்காலோடு இறங்கித் துப்புரவு செய்பவர் அவர்தான் என்று முந்தின இரவு மலர் சொல்லியிருந்தாள். எலி மூத்திரம் கலந்த தண்ணீர் கால் வெடிப்பில் பட்டாலே எலிக்காய்ச்சல் வரலாம்.

ஆனால் எனக்குத் தோன்றுவது சாட்சி ஆகாது. அரிசி மாவு, சுட்ட தேங்காய், கருப்பட்டி மூன்றையும் பிசைந்து உருண்டை பிடித்தேன். சிவப்பு நூல் கலந்தது மிலாறுக்குள், மஞ்சள் கவ்வாத்து மலையில், பச்சை காட்டில். தட்டு எல்லாம் பொறிச் சாக்கோடு கண்டிக்குப் போய்விட்டதால் இலையில் வைத்தேன். காட்டில் ஊற்றுக்குப் பக்கத்தில் ஒரு சப்பைப் பாறை, அதன் அடியில் நல்ல பொந்து. எலி நடமாட ஏற்ற இடம் என்று அங்கேயும் ஓர் உருண்டை வைத்தேன்.

அடுத்தடுத்த காலைகளில் லயத்துப் பெண்கள் கொழுந்து பறிக்கப் போகுமுன் வேடிக்கை பார்க்கக் கூடினார்கள். நான் முகமூடியும் கையுறையுமாகக் குந்தி உட்கார்ந்து புழுக்கையைக் கிண்டினேன். இதற்கா இந்தியாவில் அவ்வளவு படிக்க வைக்கிறார்கள் என்று ஒருத்தி கேட்டாள். ஆமாம், பரீட்சை கூட உண்டு என்றேன். ஆனால் சிவப்பு தெரிந்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. வீட்டுக்கு வீடு சிவப்பு. மிலாறில் தின்று, சுவர் ஓட்டை வழியாக உள்ளே வந்து, கிழங்கையும் தின்றிருக்கின்றன. மஞ்சளும் கொஞ்சம் இருந்தது, மொட்டை மலையிலிருந்து இறங்கி வந்தவை. பச்சை ஒரு வீட்டிலும் இல்லை.

காட்டில் போய்ப் பார்த்தேன். உருண்டைகள் ஓரம் மட்டும் கொறித்திருந்தன. ஊற்றுப் பக்கத்துப் பாறையடியில் மட்டும் உருண்டையும் இல்லை, இலையும் இல்லை. முள்ளம்பன்றி வேலையாக இருக்கும் என்று விட்டுவிட்டேன்.

சனிக்கிழமை செல்வத்தை அழைத்துவரப் பார்வதி ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தார். அண்ணன் வருவதற்குள் வீட்டைச் சுத்தம் செய்யலாம் என்று மலரும் நானும் அவர்களுடைய காம்பராவைத் திறந்தோம். மலையகத்தில் வீட்டு அறையைக் காம்பரா என்கிறார்கள். சாமிப் படம் வைத்த பலகையைத் துடைக்கும்போது மலர் கையை நிறுத்தினாள். படத்துக்குப் பின்னால் புழுக்கை. உடைத்துப் பார்த்தேன். பச்சை. சந்தேகமே இல்லாத, புல்லுப் பச்சை.

வேறு எந்த வீட்டிலும் இல்லாதது இந்த வீட்டில், அதுவும் செல்வம் வந்து படுக்கப்போகிற வீட்டில். ஒரு வீட்டில் கொஞ்சம் பச்சை, மற்ற வீடுகளில் எல்லாம் சிவப்பு, இதை மறுநாள் லயத்துக் கூட்டத்தில் பெரிதாகச் சொல்ல வேண்டியதில்லை என்று மலரிடம் இழுத்தேன். சொல்லும்போதே என் மீது எனக்கு வெறுப்பாக இருந்தது.

"ஜெயா, நாளைக்கு அந்தக் கூட்டத்துல உக்காரப்போறது என் அண்ணன்" என்றாள் மலர். "காடு போனா போகட்டும். சொல்லிரு."

அவள் அதைத் துடைக்கவில்லை. ஒரு காகிதத்தில் எடுத்து மடித்து என் கையில் கொடுத்தாள். பிறகு அடுப்படிக்குள் போய் முகத்தைக் கழுவிக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை பிள்ளைக் காம்பராவில் கூட்டம். பெற்றோர் வேலைக்குப் போகும்போது குழந்தைகளை விடும் இடம் அது, சுவரெல்லாம் யானையும் வாத்தும். தோட்டத் தலைவர் நடுவில் இருந்தார். செல்வம் போர்வையைப் போர்த்திக்கொண்டு நாற்காலியில், பக்கத்தில் பார்வதி. நான் சிவப்பைச் சொன்னேன், மஞ்சளைச் சொன்னேன். மிலாறு அடுக்கைச் சுவரை விட்டுத் தள்ளிவைத்து, கிழங்கைத் தகரப் பீப்பாயில் போட்டு மூடி, கானைச் சுத்தமாக வைத்தால் எலி தானாகக் குறையும், காட்டை வெட்டினால் அங்கிருக்கும் கொஞ்ச எலியும் இடமில்லாமல் இங்கேதான் வரும் என்றேன். தலைகள் மெல்ல ஆடின.

பிறகு காகிதத்தைப் பிரித்தேன். "இது நேற்றுப் பார்வதி வீட்டில் இருந்தது. இதில் பச்சை இருக்கிறது. பச்சை நான் காட்டில் மட்டும் வைத்தது" என்றேன். ஒரே சலசலப்பு. நாங்கள் அப்பவே சொல்லவில்லையா என்றார் பின்னால் ஒருவர். மலர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தலைவர், போயா அன்று காலையிலேயே எல்லோரும் கத்தியோடு வந்துவிட வேண்டும் என்று பேச்சை முடிக்கப் பார்த்தார்.

பார்வதி எழுந்திருக்கவில்லை. அந்த இரை எப்படி இருக்கும் என்று மட்டும் கேட்டார். மாவும் தேங்காயும் கருப்பட்டியும் பிசைந்த உருண்டை, இலையில் வைத்தேன் என்றேன்.

"எந்த இடத்துலங்க?"

"ஊற்றுக்குப் பக்கத்தில், சப்பைப் பாறைக்கு அடியிலும் ஒன்று வைத்தேன்."

பார்வதி செல்வத்தின் போர்வையை இழுத்துச் சரிசெய்தார். பேசாமலே இருந்திருந்தால் அவர் நினைத்தது நடந்திருக்கும். அது அவருக்கும் தெரியும், எனக்கு அப்போது தெரியாது.

"அது பாறையில்லீங்க டீச்சர். கவ்வாத்துச் சாமி. கவ்வாத்துக்குக் கத்தி வைக்கிறதுக்கு முன்னாடி அங்கதான் கும்புட்டுட்டுப் போவாங்க." கணவரைக் காட்டினார். "இவருக்கு முடியாம போனதுலேருந்து நான் தெனம் தண்ணிக்குப் போறப்ப கும்புட்டுட்டு வருவேன். அன்னைக்குப் போனா எலையில உருண்ட இருந்துச்சு. யாரோ படைச்ச பிரசாதம், சாமி எனக்குன்னு குடுத்ததுன்னு நெனச்சு எடுத்தாந்து படத்துகிட்ட வச்சேன். இவரு வந்ததும் குடுக்கலாம்னு. மறுநாள் பாத்தா எலி தின்னுருச்சு. அபசகுனமாச்சேன்னு ஒருத்தர்கிட்டயும் சொல்லல. காட்டு எலி அதக் கொண்டாரல. நான்தாங்க தூக்கியாந்தேன்."

செல்வம்தான் முதலில் சிரித்தார், இருமலோடு. தனக்கு வைத்திருந்ததை எலி தின்றதே நல்லதாகப் போயிற்று, இல்லாவிட்டால் தன் வயிற்றிலிருந்தும் டீச்சர் நூல் எடுத்திருப்பார் என்றார். பிள்ளைக் காம்பரா அதிர்ந்தது. பார்வதி சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டு அழுதுகொண்டே சிரித்தார். சாமியைப் போய்ப் பாறை என்று நினைத்ததற்கு நான் எழுந்து நின்று மன்னிப்புக் கேட்டேன். சாமி ஒன்றும் நினைக்காது, அதுவும் இந்தியாவிலிருந்து வந்ததுதான் என்றார் தலைவர்.

போயா அன்று சிரமதானம் நடந்தது. கத்திகள் வந்தன, காட்டுக்குப் போகவில்லை. லயத்துக்கு எதிரே வெட்டவெளியில் கம்பு நட்டு, தரையிலிருந்து இடுப்பு உயரத்துக்குப் பரண் கட்டி, மேலே பழைய தகரம் போட்டு, மிலாறு முழுவதையும் அங்கே மாற்றினார்கள். அடுக்கைப் பிரிக்கப் பிரிக்க எலிகள் ஓடின, நாய்களுக்கு நல்ல விருந்து. தொரை ஜீப்பில் வந்து, காடு அப்படியே நிற்பதைப் பார்த்துவிட்டு, தலைவரிடம் ஏதோ கேட்டார், பழைய தகரம் இன்னும் கொஞ்சம் தருவதாகச் சொல்லிப் போனார். செல்வம் ஒரு கட்டைத் தூக்கப் பார்த்து மனைவியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டார். அவர் காலில் புது ரப்பர் பூட்ஸ் இருந்தது. இது போதுமா, எலி நாளைக்கே ஒழிந்துவிடுமா என்று ஒருத்தி கேட்டாள். ஒழியாது, குறையும், கானைப் பார்த்துக்கொண்டால் குறைந்தபடியே இருக்கும் என்று உள்ளதைச் சொன்னேன்.

நான் புறப்படும் காலையில் என் பொறிகள் வந்து சேர்ந்தன. நானாவே ஆட்டோவில் கொண்டுவந்திருந்தார். சாக்கிலிருந்து பலமான நெத்திலி வாசனை, எந்தெந்த ஊருக்குப் போய்வந்ததோ. எலி குறைகிறதா என்று மலர் அவ்வப்போது பார்த்துச் சொல்லட்டும் என்று அவளிடமே விட்டுவிட்டேன். சுங்கத்தில் மறுபடியும் விளக்கம் சொல்ல எனக்குத் தெம்பில்லை.

நான் அதே ஆட்டோவில் ஏறும்போது பார்வதி ஒரு பொட்டலம் கொழுக்கட்டை கொடுத்தார், இன்னும் சூடாக இருந்தது. இன்னொரு கையில் தண்ணீர்க் குடம், குடத்தின் வாயில் இலை, இலையில் ஒரு கொழுக்கட்டை. அது யாருக்கு என்று கேட்டேன்.

"சாமிக்குத்தாங்க" என்றார், காட்டுப் பாதையில் ஏறிக்கொண்டே. "எலையோட அங்கேயே வச்சிட்டு வந்துருவேன். காட்டு எலி தின்னா தின்னுட்டுப் போகட்டும். வீட்டுக்குத் தூக்கியார மாட்டேன்."